ஓட்டு வீட்டைப் பிரித்து மலைக்கு ஏற்றுவது: மரத்தை அளக்காமல் கடைக்கால் தோண்டாதீர்கள்

சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை, குகை, அம்மாபேட்டை பக்கமெல்லாம் பழைய ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டுக்கொண்டிருக்கின்றன. தேக்குத் தூணும் வேங்கை உத்திரமும் எடை போட்டோ, மொத்தமாக விலை பேசியோ பழைய மரக்கடைக்குப் போய்விடுகின்றன. அதற்குப் பதிலாக வீட்டை முறையாகப் பிரித்து, ஏற்காட்டிலோ மலையடிவாரத்திலோ வாங்கிப் போட்டிருக்கும் நிலத்தில் மறுபடி நிறுத்தலாமா என்று கேட்கிறவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். நிறுத்தலாம். ஆனால் பெரும்பாலானவர்கள் வேலையைத் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முதலில் வீட்டைப் பிரித்து, மரத்தைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்துவிட்டு, அப்புறம் நிலத்தைச் சமன் செய்யப் போகிறார்கள். ஒரு மழைக்காலம் தாண்டினால் தார்ப்பாய்க்குள் வெந்துபோன மரம்தான் மிஞ்சும்.

வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கி நகர்த்தும் வேலையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது இருந்த இடத்திலேயே சில அடி உயர்த்தவோ தள்ளி வைக்கவோ உதவும். இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டிப் போகிற வேலைக்குப் பிரித்து அடுக்குவது ஒன்றே வழி.

எது வரும், எது வராது என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். தூண், போதிகை (தூணின் தலையில் உத்திரத்தைத் தாங்கும் கட்டை), உத்திரம், விட்டம், மோட்டுவளை (கூரை உச்சியில் ஓடும் மரம்), கைமரம் (அதிலிருந்து சரிவாக இறங்கும் மரம்), நிலை (கதவுச் சட்டம்), கதவு, ஜன்னல், ஓடு, தூணடிக் கல், வாசல்படிக் கல் ஆகியவை வரும். சுவர் வராது. மச்சு (மாடித் தளம்) இருந்தால் அதுவும் வராது. மெட்ராஸ் டெரஸ் என்கிற அந்தத் தளத்தில் செங்கலைச் செங்குத்தாகச் சுண்ணாம்பில் அடுக்கியிருப்பார்கள். உடைத்துத்தான் இறக்க முடியும், அடியில் இருக்கும் மரம் மட்டும் மிஞ்சும். செங்கல் விஷயத்தில் நிறையப் பேர் உணர்ச்சிவசப்படுகிறார்கள். சுண்ணாம்புக் காரையில் கட்டியது கொத்துக்கரண்டியால் தட்டினால் சுத்தமாகக் கழன்று வரும்; பிற்காலத்தில் சிமெண்டில் கட்டியது கல்லோடு உடைந்துதான் வரும். நன்றாக வந்தாலும் மலைக்கு ஏற்றும் லாரி வாடகைக்கு அது கட்டுபடியாகாது. முற்றத்துத் தளத்துக்கும் திண்ணை முகப்புக்கும் போதுமான அளவு எடுத்துக்கொண்டு, சுவரை மேலே கிடைக்கும் கல்லிலோ சாலிட் பிளாக்கிலோ கட்டிக்கொள்வது புத்திசாலித்தனம்.

காகித வேலை

பழைய வீட்டுப் பக்கம் மூன்று வேலை இருக்கிறது. இடிப்பதற்கு மாநகராட்சி அனுமதி, மின் இணைப்பை முறைப்படி துண்டித்து மீட்டரை ஒப்படைப்பது, பக்கத்து வீட்டாரின் எழுத்துப்பூர்வ சம்மதம். மூன்றாவதை அலட்சியம் செய்யாதீர்கள். பேட்டைத் தெருக்களில் பொதுச்சுவர் சகஜம். பக்கத்து வீட்டு உத்திரத்தின் முனை உங்கள் சுவரில் உட்கார்ந்திருக்கும். அதைப் பார்க்காமல் சுவரில் கை வைத்தால் அவர் வீட்டுக் கூரை இறங்கும். சுவரின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து, இருக்கிற விரிசல்களில் தேதி எழுதி வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

நிலத்துப் பக்கம் பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம், 30 ஆண்டு வில்லங்கம் இதெல்லாம் வழக்கம்போலத்தான். மலையில் கூடுதலாகப் பார்க்க வேண்டியது, அது அரசு நிபந்தனையோடு கொடுத்த பட்டாவா, மலைவாழ் மக்களுக்கு ஒப்படைத்த நிலமா என்பது. அப்படிப்பட்ட நிலம் கைமாறுவதற்குத் தடையும் கட்டுப்பாடும் உண்டு. கிரயம் ஆகிவிட்டது என்பதாலேயே எல்லாம் சரி என்று ஆகாது. அடுத்தது கட்டட அனுமதி. மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் ஏற்காடு வட்டத்து மலைக் கிராமங்கள் வருகின்றன. பழைய வீட்டைத்தானே கொண்டுவந்து வைக்கிறோம் என்ற வாதம் எடுபடாது. புது நிலத்தில் நிற்பது புதுக் கட்டடம், வரைபட அனுமதி முழுதாக வேண்டும். நிலத்தில் சில்வர் ஓக்கோ வேறு மரமோ நின்றால், 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதை மனதில் வைத்து, அனுமதி வாங்கிய பிறகே வெட்ட வேண்டும்.

மர லாரிக்கும் தனியாகக் காகிதம் வேண்டும். தமிழ்நாட்டில் மரப் போக்குவரத்துக்கு 1968 முதல் தனி விதிகள் இருக்கின்றன. பழைய வீட்டு மரம் என்று வாயால் சொல்வதைச் சோதனைச் சாவடியில் யாரும் ஏற்க வேண்டியதில்லை. வீடு நிற்கும்போதே எடுத்த படங்கள், வீட்டுப் பத்திர நகல், இடிப்பு அனுமதி நகல், மரத்தின் எண்ணும் நீளமும் எழுதிய பட்டியல் எல்லாவற்றையும் வனச்சரக அலுவலகத்தில் கொடுத்து, என்ன அனுமதி வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடுங்கள். தேக்கும் ஈட்டியும் இருந்தால் இது கட்டாயம்.

இந்தக் காகித வேலைக்கு மழைக்காலம்தான் தோதான நேரம். கூடவே இன்னொரு வேலையும் முடியும். ஐப்பசி அடைமழையில் நிலத்தில் போய் நின்று, தண்ணீர் எங்கே இறங்குகிறது, எங்கே ஊறுகிறது என்று பார்த்துக் குச்சி நட்டு வையுங்கள். மாசி மாதத்தில் பார்த்தால் எல்லா இடமும் ஒரே மாதிரித்தான் தெரியும்.

அளவு எடுப்பது

வேலையே இங்கேதான் இருக்கிறது. பழைய வீடு மூலைமட்டத்துக்கு இருக்காது. 12 அடிக்கு 16 அடி அறை என்றால் மூலைவிட்டம் இரண்டும் சரியாக 20 அடி இருக்க வேண்டும். டேப்பைப் பிடித்துப் பார்த்தால் ஒன்று 20 அடி 1 அங்குலம், இன்னொன்று 19 அடி பத்தரை அங்குலம் என்று வரும். அப்படியென்றால் 12 அடிச் சுவர் ஏறக்குறைய ஒன்றரை அங்குலம் கோணலாகப் போயிருக்கிறது. இது குறையல்ல. அன்றைக்கு ஆசாரி அந்தக் கோணலுக்குத் தக்கபடியே கழுந்தை (இன்னொரு மரத்தின் துளைக்குள் பொருந்தும் முனையை) செதுக்கி, கைமரத்தின் முனையைச் சாய்த்து வெட்டியிருக்கிறார். புது நிலத்தில் கொத்தனார் 3-4-5 கணக்கு வைத்துக் கச்சிதமான மூலைமட்டம் போட்டுக் கொடுப்பார். அதில் அவருக்குப் பெருமையும் இருக்கும். தூணை நிறுத்தி உத்திரத்தை ஏற்றும்போது ஒரு முனை உட்காரும், மறுமுனை ஒன்றரை அங்குலம் தள்ளி நிற்கும். அப்போது கழுந்தை இழைத்துச் சரிக்கட்டுவார்கள். ஒன்றைச் சரிக்கட்டினால் அடுத்தது விலகும், மோட்டுக்குப் போவதற்குள் மூட்டெல்லாம் தொளதொள என்று ஆகிவிடும்.

அதனால் பழைய வீட்டின் கோணலையும் சேர்த்தே புதுக் கடைக்காலில் இறக்க வேண்டும். சுவரின் உள்முகத்தை அளக்காதீர்கள், பூச்சு ஒரு இடத்தில் அரை அங்குலம், ஒரு இடத்தில் இரண்டு அங்குலம் இருக்கும். தூணின் மையத்திலிருந்து தூணின் மையம், உத்திரத்தின் நடுக்கோட்டிலிருந்து நடுக்கோடு என்று அளந்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு மூலைவிட்டமும் எழுதுங்கள். பழைய சுவர் 14 அங்குலம், புதுச் சுவர் 8 அங்குலம் என்றாலும் நடுக்கோட்டைப் பிடித்துக்கொண்டால் மரம் சரியாக உட்காரும், அறை மட்டும் உள்ளே கொஞ்சம் அகலமாகும். உயரத்துக்கு டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாய்) போதும். எல்லாத் தூணடிக் கல்லிலும் ஒரே நீர்மட்டத்தைக் குறித்து, அங்கிருந்து போதிகையின் அடிவரை அளந்துகொள்ளுங்கள். நூறு வருஷத்தில் ஏதாவது ஒரு மூலை இறங்கியிருக்கும். அந்த இறக்கத்தை மட்டும் அப்படியே கொண்டுபோகக் கூடாது, அது நிலம் செய்தது, ஆசாரி செய்ததல்ல.

அளவு எடுப்பதற்கு முன்பே சுவருக்குள் இருக்கும் உத்திர முனைகளைத் திறந்து பார்க்க வேண்டும். உளுப்பதும் கரையான் ஏறுவதும் அங்கேதான். முனையைச் சுற்றி ஒரு அடிக்குப் பூச்சைக் கொத்தி எடுத்து, ஸ்குரூ டிரைவரால் நான்கு பக்கமும் குத்துங்கள். அரை அங்குலத்துக்கு மேல் இறங்கினால் அந்த முனை கணக்கில் இல்லை. உளுத்த பகுதியை வெட்டினால் உத்திரம் ஒரு பக்கம் ஆறு அங்குலம் குறையும். ஒன்று அறையைக் குறுக்க வேண்டும், இல்லை சுவரிலிருந்து கல் தாங்கி ஒன்று நீட்டி அதன்மேல் உட்கார வைக்க வேண்டும். எதுவானாலும் கடைக்கால் தோண்டுவதற்கு முன்பே தெரிய வேண்டிய சேதி. அதனால்தான் தலைப்பில் அப்படிச் சொன்னது.

பனங்கை (பனைமரக் கைமரம்) போட்ட கூரை என்றால் கூடுதல் கவனம் தேவை. கருத்த வயிரம் கெட்டியாக இருந்தாலும் முனை வெடித்திருக்கும். பழைய ஆணித் துளைக்குப் பக்கத்தில் இன்னொரு ஆணி அடித்தால் நீளத்துக்குப் பிளந்துகொள்ளும். துரப்பணம் போட்டுத் துளையிட்ட பிறகுதான் இறுக்க வேண்டும். கைமரத்தில் கால்வாசியைப் புதிதாகப் போட நேரிடும் என்று எடுத்துக்கொண்டே திட்டம் போடுங்கள்.

எண் போடுவதற்குப் பெயிண்டை நம்பாதீர்கள். மழை, உரசல், இழைப்பு மூன்றும் அதை அழித்துவிடும். அலுமினியத் தகட்டுத் துண்டில் எண்ணைப் பொறித்து, சின்ன ஆணியால் எப்போதும் மரத்தின் கிழக்கு முனையிலோ வடக்கு முனையிலோ அடியுங்கள். வரிசைக்கு எழுத்து, இடத்துக்கு எண்: க3 என்றால் முதல் வரிசையில் மூன்றாவது தூண். கழுந்துக்கும் அது போய்ச் சேரும் துளைக்கும் ஒரே எண் இருக்கட்டும். பிரிக்கும்போது கழுந்தில் ஆசாரி உளியால் வெட்டிய பழைய குறிகள் தென்படலாம். அவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், சந்தேகம் வரும்போது நம் எண்ணைவிட அதுவே நம்பகமானது.

மலையில் கடைக்கால்

மேட்டை வெட்டிய மண்ணைப் பள்ளத்தில் கொட்டிச் சமன் செய்து, அந்தத் தளத்தின் நடுவே வீடு வைப்பதுதான் சரிவு நிலத்தில் செய்கிற முதல் தப்பு. பாதி வீடு வெட்டிய கெட்டி மண்ணிலும் பாதி வீடு கொட்டிய மண்ணிலும் நிற்கும். முதல் மழையிலேயே கொட்டிய பக்கம் இறங்கும், சரியாக அந்தக் கோட்டில் சுவர் வெடிக்கும். ஜேசிபி ஓட்டுநர் ஒரே நாளில் அழகாகச் சமன் செய்து கொடுத்துவிடுவார், கெட்டி மண் எங்கே முடிகிறது என்பது அப்புறம் யாருக்கும் தெரியாது. வீடு முழுவதும் வெட்டிய மண்ணில் நிற்கட்டும், அல்லது சரிவோடு கடைக்காலைப் படிப்படியாக இறக்கிக் கெட்டி மண்ணைத் தொடட்டும். கொட்டிய மண் வாசலுக்கும் தோட்டத்துக்கும் போதும்.

பின்பக்கம் வெட்டிய மேட்டுக்கும் சுவருக்கும் நடுவில் குறைந்தது 5 அடி விடுங்கள். மேட்டின் தலையில் ஒரு வடிகால், அடியில் ஒரு வடிகால். தடுப்புச் சுவரைச் சைஸ் கல்லில் கட்டினால் அடி அகலம் உயரத்தில் பாதிக்குக் குறையக் கூடாது. 5 அடிக்கு ஒன்றாக 3 அங்குலக் குழாய் வைத்து, பின்னால் ஒரு அடிக்கு ஜல்லி கொட்ட வேண்டும். ஜல்லி இல்லாமல் குழாய் மட்டும் வைத்தால் செம்மண் அடைத்துக்கொள்ளும், ஊறிய மண்ணின் பாரம் சுவரைத் தள்ளிவிடும்.

கரையான் மருந்து கடைக்கால் நேரத்திலேயே. குளோர்பைரிபாஸ் 20 சதவீத மருந்து என்றால் 1 லிட்டருக்கு 19 லிட்டர் தண்ணீர், தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 5 லிட்டர். கிணறோ ஊற்றோ பக்கத்தில் இருந்தால் இதைத் தவிர்த்துவிட்டு, தரைமட்டத்தை இரண்டடி உயர்த்தி, தூணடிக் கல்லுக்கும் மரத்துக்கும் நடுவே ஈயத்தகடு வைப்பதே நல்லது.

பிரிப்பது

இடிப்பு காண்ட்ராக்ட் வேறு, பிரிப்பு வேலை வேறு. மொத்தத் தொகை பேசினால் ஆட்களுக்கு வேகம்தான் லாபம், கடப்பாரை பேசும். தினக்கூலிக்கு ஒரு மூத்த ஆசாரி, இரண்டு துணை ஆசாரி, ஆறு ஆள் என்று வைத்தால் 900 சதுர அடி வீட்டுக்கு 12 முதல் 15 நாள் பிடிக்கும். அம்மி, ஆட்டுக்கல், இரும்புக் கம்பி, பித்தளைக் குமிழ் யாருக்கு என்பதையும் முதல் நாளே எழுதிக்கொள்ளுங்கள்.

ஓட்டைத் தொடுவதற்கு முன் தூண்களுக்கு நடுவே சவுக்குக் கம்புகளைக் குறுக்காகக் கட்ட வேண்டும். பழைய கூரை தன் பாரத்தால்தான் நிற்கிறது. பாரத்தை எடுக்க எடுக்க ஆடத் தொடங்கும். ஓட்டை மோட்டிலிருந்து கீழ்நோக்கி, இரண்டு சரிவிலும் சமமாக இறக்குங்கள். ஒரு பக்கத்தை முழுதாக எடுத்துவிட்டு மறுபக்கம் போனால் சட்டமே சாயும்.

இறக்கும்போதே தரம் பிரிக்கலாம். விரல் முட்டியால் தட்டினால் கணீரென்று ஒலிப்பது நல்லது, டொக்கென்று சத்தம் வந்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல். அப்புறம் முதுகைத் திருப்பி முத்திரையைப் பாருங்கள். 1865இல் மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கியது. பின்னால் அதே மாதிரியில் பல கம்பெனிகள் போட்டன. பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் காடியும் வரம்பும் கம்பெனிக்குக் கம்பெனி இம்மி வித்தியாசப்படும், ஒன்றோடொன்று சரியாகக் கோர்க்காது. பழைய வீட்டில் அவ்வப்போது மாற்றிய ஓடு கலந்துதான் கிடக்கும். முத்திரைவாரியாக அடுக்கி, ஒரு சரிவுக்கு ஒரே முத்திரை என்று ஒதுக்குங்கள். மிச்சத்தைத் தாழ்வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

மூட்டைக் கழற்றுவதற்குப் பொறுமை வேண்டும். மர முளை அடித்த கழுந்தில் முளையின் மெல்லிய முனை எந்தப் பக்கம் என்று பார்த்து, அந்தப் பக்கத்திலிருந்து இரும்புக் கம்பியால் தட்டி வெளியேற்ற வேண்டும். தப்பான பக்கத்திலிருந்து அடித்தால் இன்னும் இறுகி, கன்னம் பிளக்கும். வராத முளையைத் துளையிட்டு எடுத்துவிடலாம், முளை போனால் புதிது செதுக்கிக்கொள்ளலாம், கழுந்து போனால் முழு மரமும் போனமாதிரி. இரும்பு ஆணி துருவேறி இருந்தால் பிடுங்காதீர்கள். மூட்டின் இடுக்கில் ஆக்சா பிளேடை விட்டு அறுத்துவிடுங்கள். நிலையை ஒருபோதும் பிரிக்க வேண்டாம். இரண்டு குறுக்குச் சட்டமும் அடியில் ஒரு சட்டமும் அடித்து, முழுதாகப் பெயர்த்தெடுத்தால்தான் குடுமிக் கதவு பிறகு அதே குழியில் சுழலும்.

ஏற்றுவது

ஓட்டுக் கணக்கு இப்படி: 900 சதுர அடி வீட்டுக்கு இறவாணம் (சுவருக்கு வெளியே நீளும் கூரை ஓரம்) சேர்த்து 1,000 சதுர அடி; அது 30 டிகிரிச் சரிவில் 1,155 சதுர அடி கூரை. 100 சதுர அடிக்கு 140 முதல் 150 ஓடு என்றால் சுமார் 1,700. ஓடு ஒன்று இரண்டரைக் கிலோ என்று வைத்தால் நாலேகால் டன். மழையில் நனைந்த ஓட்டை ஏற்றினால் இதற்குமேல் ஆறில் ஒரு பங்குவரை கூடும். மரம் 180 கன அடி இருந்தால் மூன்றரை டன்னுக்கு மேல். 14 அடி ஈச்சர் வண்டியில் கல், கதவு எல்லாம் சேர்த்து ஐந்து நடை.

ஓட்டைப் படுக்க வைத்து அடுக்கினால் அடியில் இருப்பது நொறுங்கும். விளிம்பில் நிற்க வைத்து, வரிசைக்கு வரிசை வைக்கோல் திணியுங்கள். மலை ஏறும்போது பாரம் முழுக்கப் பின்னால் தள்ளும் என்பதால் பின்கதவுப் பக்கம் பலகை கொடுத்துக் கட்ட வேண்டும். 20 அடிக்கு மேலான மோட்டுவளைதான் தலைவலி. வண்டிக்கு வெளியே நீட்டி ஏற்றுவது சட்டப்படியும் தப்பு, கொண்டை ஊசி வளைவில் எதிரே வருகிற பஸ்ஸின் கண்ணாடியிலும் போய் நிற்கும். நீள மரங்களை மட்டும் நீளத் தொட்டி வண்டியில் ஒரே நடையாக, வார நாளில் விடியற்காலையில் ஏற்றுங்கள். மே மாதக் கோடை விழா சமயத்தில் ஏற்காடு சாலையையும் குப்பனூர் சாலையையும் ஒருவழியாக்குவது உண்டு. அந்த வாரம் பக்கமே போக வேண்டாம்.

நிறுத்துவது

மேலே போன மரத்தை உடனே பூட்டக் கூடாது. சேலத்து வெயிலில் காய்ந்த மரம் ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரம் ஏறிப் பனிக்கும் ஈரத்துக்கும் வந்திருக்கிறது. தரையிலிருந்து ஒரு அடி உயர்த்தி, மூன்றடிக்கு ஒரு ரீப்பர் (ஓடு தாங்கும் மெல்லிய சட்டம்) துண்டு கொடுத்து அடுக்கி, மேலே மட்டும் தகரம் போட்டு, பக்கவாட்டில் காற்று ஓடும்படி இரண்டு மூன்று வாரம் விடுங்கள். அந்த இடைவெளியில் மருந்து அடிக்கலாம்: 100 லிட்டர் வெந்நீரில் 3 கிலோ வெங்காரம் (போராக்ஸ்), 2 கிலோ போரிக் ஆசிட், இரண்டு பூச்சு, முனைகளுக்கு மூன்று. மழை பட்டால் கரைந்துபோகும் என்பதால் கூரைக்குள் இருக்கும் மரத்துக்கு மட்டும்தான் இது. வெளித் தூணுக்கு ஆளிவிதை எண்ணெய்.

மலைக்காற்றுக்கு என்று கூரையை இன்னும் செங்குத்தாக்கச் சொல்வார்கள். கைமரத்தின் வெட்டு முழுவதும் பழைய சரிவுக்கு அமைந்தது, மாற்றினால் ஒன்றும் பொருந்தாது. சரிவை விட்டுவிட்டு இறவாணத்தை இரண்டடி நீட்டுங்கள், சாரல் சுவரைத் தொடாது. ரீப்பர் இடைவெளிக்குப் புத்தக அளவு வேண்டாம். உங்கள் ஓட்டில் 11ஐத் தரையில் கோர்த்து, முதல் ஓட்டின் மேல்முனையிலிருந்து கடைசி ஓட்டின் மேல்முனைவரை இழுத்த நிலையில் ஒரு அளவு, நெருக்கிய நிலையில் ஒரு அளவு எடுத்து, சராசரியைப் பத்தால் வகுத்தால் வருவதுதான் உங்கள் இடைவெளி. இறவாண வரிசை, மோட்டு வரிசை, இரண்டு ஓரம் இவற்றில் எல்லா ஓட்டையும் முதுகுத் துளை வழியாகச் செம்புக் கம்பியால் ரீப்பரோடு கட்டுங்கள். இந்தக் கட்டு காற்றுக்குப் பாதி, ஓட்டைக் கலைக்கும் குரங்குக்குப் பாதி. 150 ஓட்டைத் தனியாக எடுத்து வைப்பதும் குரங்குக் கணக்கில்தான் வரும்.

கால அட்டவணை என்று கேட்டால், தைப் பொங்கல் கழிந்ததும் மலையில் கடைக்கால், மாசி நடுவில் சேலத்தில் பிரிப்பு, பங்குனியில் சட்டம் நிறுத்துவது, சித்திரைக் கோடை மழை பிடிப்பதற்குள் ஓடு. கடைக்காலும் சுவரும் உத்திர மட்டத்துக்கு வராமல் சேலத்தில் ஒரு ஓட்டைக்கூட இறக்கக் கூடாது. சித்திரைக்குள் முடியாது என்று தெரிந்தால் அந்த வருஷம் பிரிக்காமல் விட்டுவிடுங்கள், நிற்கிற வீடு இன்னும் ஒரு வருஷம் நிற்கும்.

முதல் மழைக்காலத்தில் கதவுகள் எல்லாம் பிடிக்கும். உடனே இழைப்புளியைத் தூக்காதீர்கள். ஊறின கதவை இழைத்தால் பங்குனியில் விரல் நுழையும் சந்து விழும். மாசி வரை பொறுத்து, அப்போதும் பிடிக்கிற கதவில் மட்டும், நிலையைத் தொடாமல், உரசின தடம் தெரியும் இடத்தை ஒரு தள்ளு இழைத்தால் போதும்.